கூலி கேட்ட டோன்ட்டு

வாசலுக்குக் காவல் வேண்டும்; காவல்காரனுக்குக் கூலி கொடுக்க மட்டும் உனக்குக் கை வராது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, உன்னைத்தான். உன்னைப் போல் ஒருவன் முன்பும் இருந்தான். அவன் பட்டதைக் கேள்.

அந்தக் காலத்தில், மரமும் நரியும் மனிதனோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, பின்லாந்துக் காட்டில் ஓர் ஊசியிலை மரத்தடியில் முழங்கால் உயரக் குள்ளன் ஒருவன் இருந்தான். நரைத்த தாடி, சாம்பல் நிறச் சட்டை. பெயர் கிடையாது. நரிகூட அவனை "ஏய்" என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் தாவெத்தி என்பவன் மனைவி இம்பியோடு வந்து, வீடு கட்ட அந்த மரத்தைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டினான்.

"இது என் இடம்," என்றான் குள்ளன்.

தாவெத்தி சிரித்தான். "பேரே இல்லாதவனுக்கு இடம் ஏதுடா?"

குள்ளனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேரம் தெரிந்தவன். "சரி, வீட்டைக் கட்டிக்கோ. குதிரை, தொழுவம், அடுப்பு நெருப்பு எல்லாத்துக்கும் நான் காவல். நீங்க சவுனாவுல குளிச்சு முடிச்சதும் கடைசிச் சூடு எனக்கு."

சவுனா என்பது கல்லைக் காயவைத்து, அதில் நீர் தெளித்து, எழும் ஆவியில் வியர்த்துக் குளிக்கும் குடில். எலும்பு வரை இறங்கும் அந்த ஊர்க் குளிருக்கு அதுதான் உயிர்.

"மிச்சச் சூடுதானே, எடுத்துக்கோ," என்றான் தாவெத்தி.

குள்ளன் சொல் தவறவில்லை. ஓநாய் தொழுவத்தை எட்டிப் பார்க்கவில்லை. தாவெத்தி கொழுத்தான். கொழுத்தவனுக்கு அடுத்தவன் பங்கு கண்ணை உறுத்தும். ஒருநாள் தான் குளித்து முடித்ததும், ஈர வாற்கோதுமையைச் சவுனாவில் பரப்பி உலரவிட்டுக் கதவைத் தாழிட்டான்.

பனியில் நின்று குள்ளன் வீட்டுக் கதவைத் தட்டினான். "தாவெத்தி, என் கூலி."

"வெளிய கிடந்து பழகுனவன்தானே நீ. அடுத்த வாரம் பாத்துக்கலாம், போ."

"குளிரு அடுத்த வாரம்தான் வரும்னு உங்கிட்ட சொன்னுச்சா?"

குள்ளன் காவலை அங்கேயே போட்டுவிட்டு வேலிமேல் ஏறி உட்கார்ந்தான். சவுனாவுக்குள் கல் காயும் அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறித்ததை அவன் மூக்கு அறிந்தது. எப்போதும் ஓடிப்போய் உள்ளங்கையால் பொத்தி அணைப்பவன், அன்று கையைக் கட்டிக்கொண்டான். சவுனாவும் தானியமும் சாம்பலாயின.

தாவெத்தி ஓடிவந்தான். "பாத்துக்கிட்டா இருந்த?"

"கூலி நின்னா காவலும் நிக்கும். அடுத்தது வீடு. உன் இஷ்டம்."

இம்பி புருஷனைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். "இந்தாளு வாயை விடுங்க ஐயா. புதுச் சவுனா கட்டுறோம். கடைசிச் சூடு உங்களுக்குத்தான், நான் சொல்றேன்."

"வாய்ச்சொல் ஒரு தடவை வாங்கியாச்சு தாயி. இப்ப பேரும் வேணும். பேர் இல்லாததாலதானே இவன் என்னை வெளிய நிறுத்துனான்."

அவர்கள் பேச்சில் வீட்டு மனைக்கு டோன்ட்டி என்று பெயர். "இந்த மனையே உங்களாலதான் நிக்குது. இனிமே நீங்க டோன்ட்டு," என்றாள் இம்பி. தாவெத்தி கோடரியை எடுத்துக்கொண்டு புதுச் சவுனாவுக்கு மரம் வெட்டப் போனான்.

அன்று முதல்தான் மனை காக்கும் குள்ளனுக்கு மனையின் பெயரே பெயரானது. சவுனாவில் குளித்தவர்கள் கடைசி ஆவியை அவனுக்கென விட்டு வெளியேறுவதும் அன்று முதல்தான். தாவெத்திக்கே புத்தி வந்துவிட்டது. உனக்கு எப்போது? உன் வாசலில் விறைத்து நிற்பவனைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடு. கல் ஆறுவதற்குள் கூப்பிடு.