உனக்கு வராது

"இந்த வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் அம்மா" என்றார் மாசிலாமணி.

மலையடிவாரத்து மடத்தின் தாழ்வாரத்தில், எல்லோரும் அம்மா என்று அழைக்கும் மடத்துத் தலைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். இளவயதில் அவரிடம் நான்கு வருடம் தங்கிப் படித்தவர் மாசிலாமணி. இப்போது அவருக்கே ஐம்பத்தொன்று. கீழே ஊரில் கணக்கு வாத்தியார்.

"உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

அம்மா அடுத்த தண்டை எடுத்தார்.

"என் தம்பி பஸ் ஓட்டுறான். டெப்போவில வண்டியை விட்டா அவன் வேலை முடிஞ்சுது. மச்சான் கொத்தனார். சுவர் கோணினா தூக்குக்குண்டு காட்டிக் கொடுத்துடும். இடிச்சுட்டு மறுபடியும் கட்டுவார்."

"உன் சம்சாரம் நர்ஸாச்சே. அவளைவிடவா உனக்குக் கஷ்டம்?"

"அவ கஷ்டம் பெரிசுதான். ஆனா ஒருத்தர் பிழைச்சாரா செத்தாரான்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அழுதுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவா. நான் யாரைக் கெடுத்தேன்னே எனக்குத் தெரியாது."

"யாரைக் கெடுத்தே?"



மாசிலாமணி சொன்னார். ஆறாம் வகுப்பில் வெண்மதி என்று ஒரு பிள்ளை. அன்றைக்கு வகுத்தல் கணக்கு. நாலாவது தடவையும் தப்பாகப் போட்டாள். அவருக்குக் காலையிலிருந்தே தலைவலி. "உனக்கு வராது, போய் உட்காரு" என்றுவிட்டார்.

அவள் அழவில்லை. போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீடு தேடிப் போனார். கதவில் பூட்டு.

"பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. அப்பனும் ஆத்தாளும் செங்கல் சூளைக்குப் போற வருஷமெல்லாம் அவளை அத்தை வீட்டில விட்டுட்டுப் போவாங்களாம், படிக்கட்டும்னு. இந்தத் தடவை அவளே, 'எனக்குப் படிப்பு வராதாம், நானும் கல்லு அறுக்க வரேன்'னு லாரியில ஏறிட்டாளாம்."

"எந்தச் சூளை?"

"யாருக்கும் தெரியலை."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"தெரிஞ்சது இது ஒண்ணு. இருபத்தாறு வருஷத்தில தெரியாதது எத்தனையோ?" என்றார் மாசிலாமணி. "தினமும் ஆயிரம் வார்த்தை பேசறேன். எது யார் மேல விழுந்ததுன்னு பார்க்க எனக்கு எங்கே கண் இருக்கு? ஏதாவது சொல்லுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தார்.

"நான் சொன்னதில எது உன்கிட்ட இன்னும் தங்கியிருக்கு?"

"நிறைய இருக்கும்மா."

"ஒண்ணு சொல்லு. முதல்ல ஞாபகம் வரதைச் சொல்லு."

மாசிலாமணி தலை குனிந்தார்.

"சொல்லுப்பா."

"எனக்குப் பதினெட்டு வயசு. பாட்டு ஒண்ணு எழுதி உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேன். கேணியில தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தீங்க. பார்த்துட்டு, 'இதெல்லாம் உனக்கு எதுக்கு?'ன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எழுதலை."

மடத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் முற்றத்தைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு வந்திருந்தது.

"எனக்கு ஞாபகமே இல்லையே, மணி" என்றார் அம்மா.

"தெரியும்மா."

"அந்தப் பாட்டு?"

"அன்னைக்கே கிழிச்சுட்டேன்."

 

"நீ அவளைத் தேடிப் போன மாதிரி நானும் உன்னைத் தேடிக்கிட்டு வந்திருக்கணும்."

"நான் எங்கேயும் போகலையேம்மா. அப்புறமும் ரெண்டு வருஷம் இங்கேதான் இருந்தேன். உங்க பக்கத்திலேயே."

 மாசிலாமணி எழுந்தார். 

"எங்கே போறே?"

"சூளை சூளையாத் தேடிப் பார்க்கிறேன்."

"நூறு சூளை இருக்குமே."

"இருக்கும்."

"அவ கிடைச்சாலும், நீ சொன்னது போயிடாது மணி."

மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அது போகாதும்மா" என்றார். "எனக்குத் தெரியாதா?"