இருபது குரல் மைனா

ஆற்றோரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அவை மேயும் இடத்தில் ஒரு மருதமரம். அதன் உச்சியில் ஒரு மந்தி உட்கார்ந்திருக்கும். ஆபத்து எது வந்தாலும் "கக்!" என்று ஒரு சத்தம் போடும். மான்கள் அத்தனையும் ஓடிவிடும். சும்மா இருக்கும் நேரத்தில் இளந்தளிராகப் பறித்துக் கீழே போடும். அடடா, அது ஒரு காலம்!

ஒருநாள் ஒரு மைனா வந்தது.

"எங்கிட்ட இருபது குரல் இருக்கு, ஐயா. புலிக்கு ஒண்ணு, சிறுத்தைக்கு ஒண்ணு, செந்நாய்க்கு ஒண்ணு. வலப்பக்கம் வந்தா தனி, இடப்பக்கம் வந்தா தனி!"

தலைவன் நெடுங்கொம்பன் நான்கு பெரிய மான்களைக் கூட்டிவைத்துக் கேட்டான். நல்ல பகல், புலியும் இல்லை. மைனா இருபதையும் அழகாகக் கூவிக் காட்டியது. குரலுக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். மைனாவுக்கு இருபது, மந்திக்கு ஒன்று. இந்த ஐந்து பேரும் எப்போதும் கூட்டத்தின் நடுவில் மேய்கிறவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓரத்தில் மேய்கிறவள் செவலை. அவளுக்குப் பத்து நாள் குட்டி ஒன்று இருந்தது.

"அண்ணே, புலி வந்தா முதல்ல மாட்டுறது நானும் என் குட்டியும்தான். எங்களை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"முடிவு பண்ணியாச்சும்மா. எந்தக் குரல் எதுக்குன்னு மைனா சொல்லிக் கொடுத்துரும்."

மைனா சொல்லிக் கொடுத்தது, ஒரே ஒரு காலை நேரம். மந்தியிடம் இனி வரவேண்டாம் என்றார்கள். அது அக்கரைக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் புலி புல்லுக்குள் பதுங்கி வந்தது. மைனாவைக் குறை சொல்ல முடியாது. பார்த்தவுடன் சரியான குரலைத்தான் கொடுத்தது.

"அம்மா, இது எந்தக் குரல்?" என்று குட்டி கேட்டது.

"இரு, இது சிறுத்தைக்கு... இல்லை, இடப்பக்கம்..."

செவலை யோசித்து முடிப்பதற்குள் புலி பாய்ந்துவிட்டது. அவள் தப்பினாள். குட்டி தப்பவில்லை.

சாயங்காலம் நெடுங்கொம்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "இருபது குரல் இருந்துச்சே, செவலை."

"எனக்கு ஒண்ணு போதும்ணே. அதை நீங்க எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

மான்கள் கரையில் நின்று மந்தியைக் கூப்பிட்டுப் பார்த்தன. அக்கரையில் அதற்கு வேறு கூட்டம் கிடைத்திருந்தது. இப்போதும் தண்ணீர் குடிக்க வந்தால் செவலை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எத்தனை வசதி என்று எண்ணுவதற்கு முன்னால், அதை நம்பிப் பிழைக்கப்போகிறவர்களைக் கேட்க வேண்டும்.