பத்து நிமிஷ வாழ்த்துரை

"எனக்குப் பத்து நிமிஷப் பேச்சு ஒண்ணு. அதைக் கையால பேசக் கத்துத் தரணும். அஞ்சு வாரம்தான் இருக்கு."

வைத்திலிங்கம் இதை எழுதி, ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலாக நீட்டினார்.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபராணிக்கு வயசு இருபத்தெட்டு. பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழி படிக்க வருகிறவர்களுக்கு அவள்தான் டீச்சர். வந்தவருக்கோ ஐம்பத்தாறு. பட்டிமன்றப் பேச்சாளர். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பது மூன்று மாவட்டத்துக்கும் தெரியும்.

அவள் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

"யாருக்காக?"

"என் மக நறுமுகைக்காக. அவளும் உங்களை மாதிரிதான். கோயம்புத்தூர்ல வேலை. ஆவணியில கல்யாணம்."

"இத்தனை வருஷம் அவகூட எப்படிப் பேசினீங்க?"

அவர் ஏதோ எழுதினார். அடித்தார். மறுபடி எழுதி மறுபடி அடித்தார். கடைசியில் மகள் அனுப்பியிருந்த செய்தியை போனில் எடுத்துக் காட்டினார்.

'மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. வர்றவங்க முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். வர்றதா இருந்தா வாங்க. மைக் கிடையாது.'

நறுமுகை வீட்டுப் பக்கம் வந்து மூன்று வருஷமாகிறது. அம்மா இருந்தவரைக்கும் அடுப்படியில் நின்று அம்மாவும் பெண்ணும் கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். அம்மா போனாள். அந்த வீட்டில் அவளுக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று. ஒரே ஒரு பேச்சு பேசி அவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மனுஷன் கிளம்பி வந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல வாங்க சார்" என்று எழுதினாள் ஜெபராணி.

மறுநாள் பெரிய நோட்டோடு வந்தார்.

அவள் கையால் ஒன்று சொல்லுவாள். அவர் குனிந்து அதை நோட்டில் படமாக வரைவார். குனிந்ததுமே அவள் கை பாதியில் நின்றுவிடும். நிமிர்ந்தால் ஓடும். குனிந்தால் நிற்கும்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. நோட்டில் இருபது பக்கம் நிரம்பியது. அவர் கைக்கு ஒன்றும் வரவில்லை.

மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது. வேகவேகமாக எழுதினார்.

"நாள் ஓடுது டீச்சரம்மா. எனக்கு ஒரே பிள்ளை. நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தா நான் எப்பப் படிக்கிறது?"

நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்திருந்தார். மேஜையைத் தட்டினார். தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "யம்மா, கொஞ்சம் படிங்கம்மா!" என்று சத்தம் வேறு போட்டார். நகல் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா பயந்துபோய்ப் பார்த்தார்.

நல்லா ரெண்டு நிமிஷம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். ஒன்றும் எழுதவில்லை. அவருடைய நோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

வைத்திலிங்கம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி, நான் இத்தனை நாளும் காதைப் பொத்திக்கிட்டா பாடம் கேட்டேன்?"

நோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் கை தானாக வர ஆரம்பித்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை ஜெபராணி அவரைக் கடை மாடிக்குக் கூட்டிப்போனாள். வாராவாரம் ஊரில் காது கேட்காதவர்கள் கூடுகிற இடம். பதினைந்து பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வட்டமாக நின்றால்தானே எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியும்?

ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் இருந்தது. வழுக்கைத்தலை பேங்க்காரரைக் கூப்பிடத் தலையை ஒரு தடவு. அவர் கோபப்படவே இல்லை, சிரித்தார். ஜெபராணி பெயர், ஜெராக்ஸ் மெஷின் மூடியை அமுக்குகிற மாதிரி ஒரு அமுக்கு.

வைத்திலிங்கத்துக்கு ஆசை வந்துவிட்டது. மைக்கைப் பிடிப்பதுபோலக் கையை வாயருகே வைத்துக் காட்டினார்.

"இதுதான் என் பேர். எப்படி?"

மாடியே சிரித்தது.

"சார், தனக்குத்தானே யாரும் பேர் வச்சுக்கிறதில்ல" என்றாள் ஜெபராணி கையால். "நம்மளப் பார்த்துப் பழகினவங்கதான் வைப்பாங்க."

"அப்போ நீங்க வைங்க."

நறுமுகையோடு கோவையில் ஒரே விடுதியில் இருந்த ஸ்டெல்லா அந்த வட்டத்தில் நின்றாள். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"இவருக்கு ஏற்கெனவே பேர் இருக்கு. நறுமுகை வச்சிருக்கா."

"என்ன பேர்?"

ஸ்டெல்லா தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றாள்.

வைத்திலிங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு வயசிலிருந்து பத்து வயசு வரைக்கும், சாயங்காலம் ஆனால், குழந்தையை எதிரே நிறுத்திவைப்பார். 'கையை அக்குளுக்குள்ள வை. வாயால சொல்லு. தண்ணின்னு சொல்லு.' யாரோ ஒரு நிபுணர் சொன்ன யோசனை. பிள்ளை பேசிவிடும் என்ற ஆசையில்தான் செய்தார், பாசத்தில்தான் செய்தார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பேரை மாத்தணும்."

"வச்சவங்கதான் மாத்தணும்" என்றாள் ஜெபராணி.

"என் பேச்சைப் பார்த்தா மாத்துவாளா?"

"பேச்சு தயாரா?"

"தயார். சரியா பத்து நிமிஷம்."

"அவ பேச எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்க சார்?"

முப்பது வருஷ மேடையில் அவரை யாரும் கேட்காத கேள்வி.

ஆவணி வந்தது. கோயம்புத்தூரில் மண்டபம் நிறைய ஜனம். மேளம் இருந்தது, மைக் இல்லை. பேச்சாளர்கள் ஒவ்வொருவராக மேடையேறிக் கையால் வாழ்த்தினார்கள். கடைசி வரிசைக்காரனுக்கும் ஒரு எழுத்துத் தப்பவில்லை.

வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். ஏறினார். மாலையும் கழுத்துமாக மகள் நின்றாள். முகம் இறுகிக் கிடந்தது.

பேச்சின் முதல் வரியைக் கையால் சொன்னார். ரெண்டாவது வரிக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நான் நிறைய பேசியாச்சு. நீ சொல்லு."

"என்ன சொல்ல?"

"உனக்கு என்ன இருக்கோ."

அவள் கை மெல்ல எழுந்தது.

"ஒண்ணாம் கிளாஸ்ல எனக்கு வயித்துவலி. வாயால சொல்லுன்னு நிக்க வச்சீங்க. சொல்லத் தெரியல."

"ஆமா."

"அம்மா செத்தப்ப எல்லார்கிட்டயும் பேசினீங்க. என்கிட்ட பேசல."

"ஆமா."

அப்புறம் கை வேகம் பிடித்தது. மழை மாதிரிக் கொட்டினாள். பாதிதான் அவருக்குப் புரிந்தது. புரியாத இடத்தில் "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னாள், இன்னும் கோபமாக. அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் ஒரு வார்த்தை போய்விடும்.

ஒரு இடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னும்?" என்றார் வைத்திலிங்கம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

"இருக்கு. நிறைய இருக்கு."

மாப்பிள்ளை வந்து மாமனார் முதுகுக்குப் பின்னால், அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றான்.

"இலை போட்டாச்சு. சாப்பாடு ஆறுது. எல்லாரும் உனக்காக உட்கார்ந்திருக்காங்க."

"அவங்கள சாப்பிடச் சொல்லு" என்றாள் நறுமுகை. "நான் அப்பாகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்."