கீறல் விழாத பலகை

கோவளத்து ரெஜினாவும் பவித்ரனும் சோமசேகரின் ஸ்கேட்போர்டு கம்பெனிக்காகப் போட்டிகளில் பலகை ஓட்டியவர்கள். கம்பெனிப் பலகை சரியில்லை என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தாங்களே பலகை செய்யத் தொடங்கினார்கள். சோமசேகர் பொறுப்பாரா?

மாவட்டப் பிள்ளைகளுக்கு முந்நூறு பலகை வாங்க, விளையாட்டு அதிகாரி மங்கையர்க்கரசி இரண்டு தரப்பையும் அழைத்திருந்தார். சோமசேகர் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த பளபளப்பான பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மேடம், இதைப் பத்து வருஷமா நானே தினமும் ஓட்டுறேன். ஒரு கீறல் இல்லை. இந்தப் பொண்ணு கொண்டுவந்ததைப் பாருங்க, அடியெல்லாம் தேஞ்சு கிடக்கு. இவங்க ஓட்டின பலகையில கீறலே இல்லாம ஒண்ணு காட்டட்டும், நான் விலகிக்கிறேன்."

அதிகாரி ரெஜினாவைப் பார்த்தார்.

"எங்ககிட்ட அப்படி ஒண்ணு இல்லை மேடம். ஓட்டினா கீறும்," என்றாள் ரெஜினா. "சாரோடதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"தாராளமா பாரும்மா. பார்த்துக் கத்துக்கோ," என்றார் சோமசேகர்.

அவள் பலகையைப் புரட்டி, சக்கரங்களை அதிகாரி பக்கம் காட்டினாள். கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் நாலு சக்கரத்திலும் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"சார் பெரிய ஆளுதான் மேடம். பத்து வருஷம் ஓட்டியும் சக்கரம் தரையில படவே இல்லை. எனக்கு அந்த வித்தை வராது."

சோமசேகர் கைக்குட்டையைத் தேடினார்.

"சார், இதைத் திரும்ப உங்க சுவத்துலயே மாட்டிடுங்க," என்றார் அதிகாரி. "பிள்ளைங்க ஓட்டுறதுக்கு நான் இவங்ககிட்ட வாங்கிக்கிறேன்."