ஐந்தாவது பங்கு

செங்கமலம் ஆசிரமத்துக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. குருவான அமுதவல்லிக்கு நாற்பது. இருந்தாலும் செங்கமலம் அவளை ‘அம்மா’ என்றாள். குரு அவளை ‘அக்கா’ என்றாள்.

போளூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஐந்தாறு அறைகள் கொண்ட சின்ன ஆசிரமம் அது. ஒரு துணிப்பையோடு வந்தவள், யாரும் சொல்லாமலே சமையலறை வேலையை எடுத்துக்கொண்டாள். பௌர்ணமிக்கு வந்த அறுபது பேருக்கும் ஒற்றை ஆளாகச் சமைத்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

இருபதாம் நாள் காலை குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, எனக்குத் தீட்சை கொடுங்க. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்.”

“எதையெல்லாம் விட்டீங்க, அக்கா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

செங்கமலம் சொன்னாள்.

கணவன் தனகோபால் ஆரணியில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்தான். அதற்காக மகளிர் குழுவில் செங்கமலம் தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தாள். போதாததற்கு அவன் ஒரு பைனான்ஸில் தனியாக வாங்கினான். இரண்டு வருடத்தில் கடை படுத்துவிட்டது. மெஷினை விற்ற பணத்தோடு அவன் ஓசூருக்குப் போனான். அங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் என்று பிறகு தெரிந்தது. ஆறு மாதம் கழித்து விவாகரத்து கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பைனான்ஸ் ஆட்கள் தினமும் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். தெருவே பார்த்தது. ஒரு நாள் வீட்டைப் பூட்டி, சாவியை வீட்டின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

“உங்க செல்போன் எங்கே?” என்று குரு கேட்டாள்.

“பையில இருக்கு. வந்த அன்னிக்கே அணைச்சுட்டேன்.”

“எடுத்துட்டு வாங்க. ஆன் பண்ணுங்க.”

“பயமா இருக்கும்மா.”

“நான் பக்கத்துல இருக்கேன்.”

போன் உயிர் பெற்றதும் நிற்காமல் அதிர்ந்தது. பைனான்ஸ் ஆள் மட்டும் நாற்பது முறை கூப்பிட்டிருந்தான். குழுவிலிருந்து ஒரே ஒரு செய்தி. குழுவில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தியான மும்தாஜ் அனுப்பியது. செங்கமலம் அதைப் பார்க்க மறுத்தாள். குரு வாங்கிப் படித்தாள்.

“அக்கா, ரெண்டு வாரமா உங்க தவணையையும் நாங்க நாலு பேர் போட்டுக் கட்டுறோம். நான் போட்டது பொண்ணோட காலேஜ் பீஸுக்கு வெச்சிருந்தது. நீங்க உயிரோட இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க.”

செங்கமலம் தலை குனிந்தாள்.

“ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்க தலையில விழும்னு தெரியுமா?” என்று குரு கேட்டாள்.

“தெரியும்மா. தெரிஞ்சேதான் வந்தேன்.” சட்டென்று நிமிர்ந்தாள். “ஆனா பணத்தை வாங்கிக்கிட்டது அவன். தின்னது அவன். நான் ஏம்மா கட்டணும்?”

குரு வேறொன்று கேட்டாள்.

“பைனான்ஸ் பேப்பர்ல நீங்க கையெழுத்து போட்டீங்களா?”

“இல்லம்மா.”

“ஜாமீன்?”

“அதுவும் இல்ல. அவன் மட்டும்தான்.”

“குழுக் கடன்ல?”

“போட்டேன்” என்றாள்.

அப்போது போன் அடித்தது. பைனான்ஸ் ஆள். குரு போனை அவள் கையில் வைத்தாள்.

செங்கமலத்தின் குரல் நடுங்கியது. ஆனாலும் பேசினாள்.

“அந்தக் கடன்ல என் கையெழுத்து இல்ல. வாங்கினவரைக் கேளுங்க. இனிமே எனக்குப் போன் போட்டாலோ, வாசல்ல வந்து கத்தினாலோ, போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்.”

அந்தப் பக்கம் ஏதோ கத்தினான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை. அவனே போனை வைத்துவிட்டான்.

“குழுக் கூட்டம் என்னிக்கு?” என்றாள் குரு.

“நாளைக்கு. ஒவ்வொரு செவ்வாயும் காலையில எட்டு மணிக்கு.”

“முதல் பஸ் அஞ்சரைக்கு. நானும் வரேன்.”

ஆரணியில் ஒரு வீட்டு முன்அறையில் பாய் விரித்திருந்தார்கள். நான்கு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். செங்கமலத்தைப் பார்த்ததும் ஒருத்தி அழுதாள். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து வசூலுக்கு வந்த ஊழியர் குருவின் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். “சாமியாரம்மா கட்டப் போறீங்களா?”

“இல்ல. கூட உட்கார வந்தேன்” என்று சொல்லிவிட்டு குரு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

செங்கமலம் நின்றுகொண்டே பேசினாள்.

“கடன் என் பேர்ல இருக்கு. நான் கட்டுறேன். முழுத் தவணை இப்ப முடியாது. வாரம் நானூறு கட்டுவேன். இந்த நாலு பேர் எனக்காகக் கட்டினதைத் தனியாத் திருப்பிடுவேன். இனிமே என் பங்கை இவங்ககிட்ட கேக்காதீங்க. என்கிட்ட கேளுங்க. நான் இந்த ஊர்லதான் இருப்பேன்.”

“அப்படியெல்லாம் எங்க கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்கம்மா.”

“உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க. நானே பேசறேன்.”

பேசினாள். முதலில் முடியாது என்றார்கள். அடுத்த செவ்வாய் மறுபடி கேட்டாள். அதற்கடுத்த செவ்வாயும் கேட்டாள். நான்காவது வாரம் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் கூட்டம் முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோதே குரு சொல்லிவிட்டாள், “நான் மட்டும் போறேன், அக்கா. உங்களுக்கு இங்கே வேலை இருக்கு.”

“அவனை நினைச்சா வயிறு எரியுதும்மா. அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“எரியட்டும். வேலைக்கு மட்டும் நேரத்துக்குப் போயிடுங்க.”

செங்கமலம் அந்த ஊரிலேயே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தாள். கல்யாணச் சமையல் செய்யும் காண்டிராக்டரிடம் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் போனாள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைத்தாள். சில நாள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். சில நாள் அழுதுகொண்டே வேலைக்குப் போனாள். ஆனால் போனாள்.

குடும்ப நீதிமன்றத்தில் தனகோபாலைப் பார்த்தாள். புதுச் சட்டை போட்டிருந்தான். “கடன் எவ்வளவு அடைஞ்சிருக்கு?” என்று அக்கறையாகக் கேட்டான். அவள் எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வக்கீல் சொன்னபடி, குழுக் கடனில் அவன் பங்கைக் கொடுக்கச் சொல்லியும் மனு போட்டாள். அது வரும்போது வரட்டும் என்று மறுநாள் மெஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான்கு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். மும்தாஜ் ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நின்று பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். கடைசி முறை கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். செங்கமலம் டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

குழுக் கடனைக் கட்டி முடிக்க இரண்டு வருடம் மூன்று மாதம் ஆனது.

மறுநாள் காலை ஆசிரமத்துக்குப் போனாள். குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து செங்கமலமும் ஆயத் தொடங்கினாள்.

“நேத்தோட முடிஞ்சதும்மா. யாருக்கும் பாக்கி இல்ல.”

குரு தலையசைத்தாள்.

“ராத்திரி நல்லாத் தூங்குவேன்னு நினைச்சேன். தூக்கம் வரல. இத்தனை நாளும் கட்டி முடிக்கணும், கட்டி முடிக்கணும்னே ஓடினேன். இனிமே காலையில எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியலம்மா.”

“நாளைக்கு என்ன வேலை, அக்கா?”

“நாளைக்கா? ஒரு வளைகாப்பு. நூத்திருபது பேருக்கு, ஏழு வகை சாதம். காண்டிராக்டர் இல்லாம என்கிட்டயே தனியாக் கொடுத்திருக்காங்க. எலுமிச்சம்பழம் இன்னும் வாங்கல. புளிக்காய்ச்சலை இன்னிக்கு சாயங்காலமே கிளறி வெச்சாத்தான் நாளைக்குச் சாதத்துல நல்லா ஊறும். தேங்காய் உடைக்க ஒரு ஆள் சொல்லணும். அந்தப் பொண்ணுக்குப் பெருங்காயம் அதிகம் போட்டா ஆகாதாம், அவளுக்குத் தனியா…”

சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

குரு கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பன்னெண்டரை பஸ்ஸை விட்டுடாதீங்க, அக்கா.”