மதில்மேல் சைக்கிள்

சைக்கிள் பாதை போட நிதி வந்ததும், நகராட்சித் தலைவர் சாலையில் கோடு போடும் பவுனம்மாளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அதிகாரி வர்றார். பாதை தயாரா இருக்கணும். ஆனா கார் போற இடம் ஒரு அங்குலம்கூடக் குறையக் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டு நின்னுக்க."

"ஆகட்டுங்கய்யா."

மறுநாள் சாலையில் கோட்டைக் காணோம். தலைவர் வீட்டு மதில் நெடுக வெள்ளைக் கோடும் சைக்கிள் படமும் இருந்தன.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ரோடு முழுக்க காருக்குன்னு ஐயா சொல்லிட்டாருங்க. மிச்சமிருந்தது இந்தச் செவுருதான். சைக்கிள்காரங்க ஏறிப் போகட்டும்."

கூட்டம் சிரித்தது. சாலையிலேயே பாதை ஒதுக்கும்படி அதிகாரி அன்றே உத்தரவிட்டார்.

முதல் சைக்கிள் படத்தை ரேஷன் கடை வளைவில் வரைந்தாள் பவுனம்மாள். போன ஆடியில், சைக்கிளில் வந்த அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த இடம் அது.

பெயிண்ட் காயும்வரை அங்கேயே நின்றாள்.

"போன வருஷமே அந்தச் செவுத்துல வரைஞ்சிருக்கலாம்," என்றாள்.