வாத்து முட்டைமேல் கோழி உட்கார்ந்த கதை

“மண்ணில் புரள்கிற ஜென்மங்களால்தான் ஊருக்கே நோய் வருது.”

மண்ணில் புரள்கிற ஜென்மங்களாம்! வெள்ளச்சி வாத்து சொன்னதை எழுத்து மாறாமல் திருப்பித் திருப்பிச் சொன்னதில், செவலைக் கோழிக்குக் கொண்டை இன்னும் சிவந்தது.

பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கண்மாய்க்கரையில் இறகு உதிரும் கொள்ளைநோய் பரவியிருந்தது. வாத்துகளுக்கு ஒரே வைத்தியம்தான்: மொத்தக் கூட்டமும் தண்ணீரில் இறங்க வேண்டும், நோய் ஓயும்வரை கரையேறக் கூடாது. கோழிகளின் வழக்கமே வேறு. ஆளுக்கொரு குழி பறித்துப் புழுதியில் குளிப்பது, பிறகு மூலையில் தனியாக உட்கார்ந்துவிடுவது.

“ஈரத்தோட கிடந்தா சளி பிடிச்சுச் சாவீங்கடி,” என்றது செவலை.

“அழுக்கோட உட்கார்ந்து நீங்க நல்லா இருங்க, மதினி!”

வெடுக்கென்று திரும்பிய வெள்ளச்சி, பத்தடி போய் நின்றது. புதரடியில் அதன் ஆறு முட்டைகள் கிடந்தன. அவற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோக முடியாது. கரையில் தங்கினாலோ கூட்டம் திரும்பச் சேர்க்காது. தலைவாத்து கூப்பிட்டது. வெள்ளச்சி முட்டைகளைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது, இறங்கிவிட்டது.

“பெத்தவளுக்கே இல்லாத அக்கறை எனக்கென்ன வந்தது?” செவலை முணுமுணுத்துக்கொண்டே போய், ஆறு முட்டைகளையும் அலகால் உருட்டித் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது.

இருபத்தொரு நாள் ஆயிற்று. ஒரு முட்டையில்கூட விரிசல் இல்லை. மற்றக் கோழிகள் தள்ளி நின்றபடியே சிரித்தன.

“எல்லாம் கூழ்முட்டையடி, எந்திரிச்சு வா!”

“தனியா உட்கார்றதுதானே நம்ம வைத்தியம்? இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போச்சு?”

கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு என்று கணக்குத் தெரிந்தா உட்கார்ந்தது? வெறும் வீம்பு. இருபத்தெட்டாம் நாள் ஆறும் பொரிந்தன.

அதற்குள் நோயும் ஓய்ந்தது. தண்ணீரில் கிடந்தவற்றில் சில போயின, புழுதியில் புரண்டவற்றிலும் சில போயின. ஜெயித்தது தாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் சொல்லிக்கொண்டன. வெள்ளச்சி மட்டும் கரையோரம் வந்து கழுத்தை நீட்டியது.

“மதினி...” என்று இழுத்தது.

பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று செவலை அலகைத் திறப்பதற்குள், ஆறு குஞ்சுகளும் அதன் வயிற்றடியிலிருந்து ஓடித் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தன.

அன்று முதல்தான் வாத்து முட்டையைக் கோழி அடைகாக்கிறது. பொரிந்த கையோடு குஞ்சுகள் நீந்திப் போய்விட, கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்துகிறது: “போதும் கண்ணுங்களா, ஏறி வாங்க! ஒரே ஒரு தரம் இந்தப் புழுதியில புரண்டுதான் பாருங்களேன்!”

ஒரு குஞ்சுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.